முயல் வளர்க்கலாமா?

"தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால்" என்று பிடிவாதக்காரரைச் சொல்வது நம் வழக்கு. வீட்டில் முயல் வளர்ப்பதைப் பற்றியும் சிலர் இப்படித்தான் சாதிக்கிறார்கள். "செலவில்லை, சத்தமில்லை, இடம் வேண்டாம், ஒரு ஜோடி வாங்கினால் ஓராண்டில் வீடே நிறைந்துவிடும்" என்பது அவர்கள் வாதம். இதில் பாதியே உண்மை. முயல் பெருகும் என்பது மெய். பெருகியதைக் காப்பதுதான் கடினம். காக்கும் வகையைக் கற்றுக்கொள்ளாமல் ஒரு முயலைக்கூட வாங்கக் கூடாது என்பது என் துணிவான கருத்து.

முதல் இடையூறு நம் ஊர் வெயில். வீட்டு முயலின் மூதாதையர் ஐரோப்பாவில் மண்ணுக்குள் வளை தோண்டிக் குளிர்ச்சியாக வாழ்ந்தவை. அதற்கு உகந்த வெப்பம் சுமார் 15 முதல் 25 டிகிரி செல்சியஸ். வேலூரிலோ கோடையில் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டுகிறது. முயலுக்கு நம்மைப் போல் வியர்வை வடிவதில்லை; நீண்ட காதுகளாலும் மூச்சினாலுமே அது சூட்டைத் தணிக்கிறது. 35 டிகிரிக்கு மேல் அதன் உயிருக்கே ஆபத்து. ஆண் முயல் கடும் வெப்பத்தால் சில வாரங்கள் இனவிருத்தித் திறனையும் இழந்துவிடும். மத்திய செம்மறி மற்றும் கம்பள ஆராய்ச்சி நிலையத்தின் தென்மண்டல மையம் முயல்களை வளர்ப்பது கொடைக்கானல் மேல்மலையில் உள்ள மன்னவனூரில். அந்தக் குளிரில் கொழுகொழுவென்றிருக்கும் வெள்ளை ஜெயண்ட், சோவியத் சின்செல்லா முயல்களைக் கண்டு மயங்கி, பாகாயத்தில் தகரக் கூரையின் கீழ் கூண்டு வைத்தால் பலன் என்னவாகும்? ஓலைக் கூரையும், மர நிழலும், நல்ல காற்றோட்டமும், கூண்டைச் சுற்றி நனைத்த சாக்கும், எந்நேரமும் குளிர்ந்த தண்ணீரும் இங்கே கட்டாயம் வேண்டும்.

இரண்டாவது, உணவு. ரொட்டியும் சோறும் மீந்த முட்டைகோஸும் போட்டால் போதும் என்று எண்ணுகிறோம். முயலின் முன்பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருப்பவை. நார்ச்சத்துள்ள புல்லையும் உலர்ந்த தழையையும் கடித்து மென்றால்தான் அவை தேயும். ஈரமான தழையைத் திடீரென்று நிறையக் கொடுத்தால் வயிறு உப்பும். முயலால் வாந்தி எடுக்கவும் இயலாது. அது தன் மென்மையான எச்சத்தைத் தானே தின்பதைக் கண்டு நோய் என்று பயப்பட வேண்டாம். அது இயற்கை, அதனால் சத்து மீண்டும் உடலில் சேர்கிறது.

மூன்றாவது, குட்டிகள். இளம் முயல்களில் ஆண், பெண் பிரித்தறிவது எளிதன்று. இரண்டும் பெண் என்று நம்பி வாங்கி, ஒரு நாள் குட்டிகளைக் கண்டு திகைத்த வீடுகள் பல. இணை சேர்க்கும்போது பெண்ணைத்தான் ஆணின் கூண்டுக்குக் கொண்டுபோக வேண்டும். மாற்றிச் செய்தால் சண்டையில் முடியலாம். சுமார் 31 நாளில் குட்டிகள் பிறக்கும். ரோமமின்றி, கண் திறவாமல் கிடக்கும் அவற்றுக்குத் தாய் தன் ரோமத்தையே பிடுங்கி மெத்தை அமைக்கும். அதற்கு ஒரு பெட்டி வைக்காவிட்டால் குட்டிகள் கம்பி வலையில் விறைத்துச் சாகும். தாய் நாளுக்கு ஓரிரு முறை, சில நிமிடமே பால் கொடுக்கும். இதை அறியாதவர்கள் "தாய் குட்டிகளைக் கைவிட்டது" என்று பதறி, ஓயாமல் தொட்டுத் தூக்கிக் குட்டிகளைக் கெடுத்துவிடுகிறார்கள். எறும்பு, எலி, பூனை, நாய் ஆகியவையும் காத்திருக்கும்.

நான்காவது, நோய். முயல் வாய்விட்டு அழாது. காதில் சொறி, பாதத்தில் புண், கழிச்சல் எதுவானாலும் தினமும் உற்றுப் பார்ப்பவர் கண்ணுக்கே தெரியும். வீட்டில் மீந்த மருந்தைக் கொடுப்பது பெரும் பிழை. நாம் உட்கொள்ளும் அமாக்ஸிசிலின் மருந்தை வாய்வழியே கொடுத்தால் குடலின் நல்ல நுண்ணுயிர்கள் அழிந்து முயல் மடியக்கூடும். கால்நடை மருத்துவரே கதி.

ஐந்தாவது, விற்பனை. ஆம்பூரும் இராணிப்பேட்டையும் அருகில் இருப்பதால் தோலாவது விலை போகும் என்று சிலர் கணக்கிடுகிறார்கள். முயல் தோல் மெல்லியது, எளிதில் கிழிவது, காலணிக்கு உதவாது. அதன் மதிப்பு ரோமத்தில்தான். ரோம ஆடைக்குக் குளிர்நாடுகளில்தான் தேவை. "குட்டிகளை நாங்களே திரும்ப வாங்கிக்கொள்கிறோம்" என்று ஆசை காட்டுவோரிடமும் எச்சரிக்கை வேண்டும். இதே வாக்குறுதியை நம்பி ஈமு கோழி வளர்த்த கொங்கு நாட்டு மக்கள், 2012ஆம் ஆண்டில் அந்நிறுவனங்கள் சரிந்தபோது பட்ட பாட்டை நாடறியும். காலணித் தொழிற்சாலையில் உழைத்து நம் தாய்மார் சேர்த்த பணம் அப்படிப் போகலாமா?

அப்படியானால் முயலே வளர்க்கக் கூடாதா? வளர்க்கலாம், தோழியரே! முதலில் கூண்டையும் நிழலையும் அமையுங்கள். விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்திலோ, கால்நடை மருத்துவமனையிலோ கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கோடை கழிந்த பின் இரண்டே முயல்களோடு தொடங்குங்கள். அடுத்த கோடையை அவை நலமாகக் கடந்த பின்பே பெருக்க நினையுங்கள். காட்டு முயலை மட்டும் பிடிக்கவே கூடாது. 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம்.

கிரேச்சோ என்னும் ஊரில் கண்ணியில் சிக்கிய ஒரு முயல்குட்டியை அசிசி நகர்ப் புனித பிரான்சிஸிடம் கொண்டுவந்தார்களாம். விடுவித்த பின்னும் அது அவர் மடியை விட்டுப் போகவில்லை. அவரோ அதைத் தம்மிடம் வைத்துக்கொள்ளாமல், காட்டிலே கொண்டுபோய் விடச் செய்தார் என்று அவர் வரலாறு கூறுகிறது. முயலின் அழகில் மகிழ்வது எளிது. அது எங்கே, எப்படி வாழும் என்று முதலில் எண்ணுவதே உண்மை அன்பு. இறைவன் படைத்த ஓர் உயிரைக் கூண்டில் அடைக்கும் முன் அந்த அன்பை நாம் பெற்றிருக்க வேண்டாமா?