விளையாட்டு மேசையில் கேபிஐ எதற்கு?

"எக்ஸ்பி கணக்கெல்லாம் பழைய காலத்து வேலை மச்சான். கதைக்கு எப்போ தேவையோ அப்போ லெவல் ஏத்திவிட்டுட்டுப் போ."

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் நடத்தும் நண்பர்களிடம் இதைக் கேட்டுக் கேட்டு எனக்குச் சலித்துவிட்டது. சொல்பவர்கள் நல்லவர்கள்தான். சொல்வதுதான் தப்பு. அதைவிடப் பெரிய தப்பை நானே ஒரு வருடம் செய்திருக்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

இந்த விளையாட்டு தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: நான்கைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்காருவோம். ஒருவர் டி.எம்., அதாவது டன்ஜன் மாஸ்டர். அவர் ஓர் உலகத்தை வாயால் விவரிப்பார். மற்றவர்கள் ஆளுக்கொரு கதாபாத்திரமாக அந்த உலகத்துக்குள் போவார்கள். "நான் கதவை உடைக்கிறேன்", "நான் காவல்காரனிடம் பொய் சொல்கிறேன்" என்று சொல்ல வேண்டியதுதான். என்ன நடக்கும் என்று தெரியாத இடத்தில் இருபது முகப் பகடையை உருட்டுவோம். கதாபாத்திரம் எதையாவது சாதித்தால் அனுபவப் புள்ளி சேரும். அதுதான் எக்ஸ்பி. போதிய அளவு சேர்ந்ததும் லெவல் ஏறும். புது மந்திரம், கூடுதல் பலம் எல்லாம் வரும்.

'சரி, புள்ளி கொடுப்பதில் என்ன அரசியல் இருக்கிறது?' என்று நீங்கள் கேட்கலாம். நம் ஊர்ச் சிறுகதைப் போட்டிகளையே எடுத்துக்கொள்ளுங்கள். விதிமுறையில் 'மலேசிய மண்ணின் மணம் வேண்டும்' என்று ஒரு வரி இருந்தால் போதும், பெட்டாலிங் ஜெயாவில் பிறந்து வளர்ந்தவன்கூட ரப்பர் தோட்டத்தைப் பற்றி எழுதி அனுப்புவான். அவனைக் குற்றம் சொல்ல முடியாது. எதற்குப் பரிசோ அதுதான் எழுதப்படும். நான் படித்த பொறியியலிலும் இதே கதைதான். சென்சார் எதை அளக்கிறதோ அதைத்தான் கண்ட்ரோலர் சரிசெய்யும். அளக்காத ஒன்று சரியாகும் என்று எதிர்பார்ப்பது மூடநம்பிக்கை.

இந்த விளையாட்டின் வரலாறே இதற்குச் சாட்சி. 1974-இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் முதல் பதிப்பை வெளியிட்டார்கள். பாதாளத்திலிருந்து பத்திரமாக வெளியே கொண்டுவரும் ஒவ்வொரு பொற்காசுக்கும் ஒரு எக்ஸ்பி. அரக்கனைக் கொன்றாலும் எக்ஸ்பி உண்டு. ஆனால் 1975-இல் வந்த கிரேஹாக் இணைப்பு நூல் அதை வெகுவாகக் குறைத்துவிட்டது. விளைவு என்ன? புத்திசாலிகள் சண்டை போடவில்லை. அரக்கன் தூங்கும் நேரம் பார்த்தார்கள், லஞ்சம் கொடுத்தார்கள், கயிறு கட்டிப் பின்பக்கமாக இறங்கினார்கள். சண்டை போட்டால் உயிர் போகும், திருடினால் லெவல் ஏறும் என்றால் எவன் சண்டை போடுவான்?

1989-இல் வந்த இரண்டாம் பதிப்பில் பொற்காசுக்கான எக்ஸ்பி 'விருப்பமிருந்தால் வைத்துக்கொள்ளலாம்' என்ற இடத்துக்குத் தள்ளப்பட்டது. 2000-இல் வந்த மூன்றாம் பதிப்பில் எதிரிகளை வெல்வதுதான் எக்ஸ்பியின் முக்கிய வழி. 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பில் ஒரு கோப்ளினுக்கு 50 எக்ஸ்பி. நால்வர் சேர்ந்து ஆறு கோப்ளின்களைக் கொன்றால் ஆளுக்கு 75. இரண்டாம் லெவலுக்கு 300 வேண்டும். அப்படியென்றால் அதுபோல நான்கு சண்டை. அந்தக் கோப்ளின்களோடு பேசி சமாதானமாகப் போனால் எவ்வளவு? புத்தகம் அதை டி.எம்.மின் முடிவுக்கு விட்டுவிடுகிறது. 'இப்போதைய பசங்களுக்கு வெட்டுக்குத்துதான் பிடிக்குது' என்று புலம்பும் டி.எம்.களைப் பார்த்திருக்கிறேன். பசங்க மாறவில்லை அண்ணே, விலைப்பட்டியல் மாறியிருக்கிறது.

இதற்கு மருந்தாகத்தான் மைல்ஸ்டோன் முறை பரவியது. புள்ளியே வேண்டாம், கதையில் முக்கியமான கட்டம் வந்ததும் எல்லாரும் ஒரு லெவல் ஏறலாம் என்பது அதன் சாரம். கேட்க இனிமையாகத்தான் இருக்கும். ஆனால் எது முக்கியமான கட்டம் என்று யார் தீர்மானிப்பது? டி.எம். அது எப்போது வரும் என்று யாருக்குத் தெரியும்? டி.எம்.முக்கு மட்டும். பிறகு விளையாடுபவர்கள் உலகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு டி.எம்.மின் முகத்தைப் பார்க்க ஆரம்பிப்பார்கள். அவர் கைகாட்டும் கோட்டைக்குப் போனால் லெவல் ஏறும். நடுவில் ஒரு கிராமத்தில் தங்கி, அங்குள்ள கிழவியின் காணாமல் போன மகனைத் தேடினால் ஒன்றும் கிடைக்காது. வெட்டுக்குத்துக்குப் பரிசு கொடுப்பதை நிறுத்திவிட்டு, சொன்னபடி கேட்பதற்குப் பரிசு கொடுக்கிறோம். பொற்காசு விதியாவது பகிரங்கமாக இருந்தது.

இப்போது என் கதைக்கு வருகிறேன்.

எங்கள் குழு மாதம் ஒருமுறை கூடும். தமிழும் ஆங்கிலமும் மலாயும் கலந்த மொழியில்தான் விளையாட்டு நடக்கும். பாதிநேரம் மாமாக் கடையில் தே தாரிக் ஆறிக்கொண்டிருக்கும். நான் டி.எம். மைல்ஸ்டோன் பிடிக்காததால் எக்ஸ்பிக்குப் போனேன். அதோடு நிற்கவில்லை. எக்செல் தாள் ஒன்று தயாரித்தேன். வந்தவனுக்கு மட்டும்தான் எக்ஸ்பி. நன்றாக நடித்தவனுக்குக் கூடுதல். அன்றைய சிறந்த ஆட்டக்காரருக்கு ஒரு போனஸ். தாமதமாக வந்தால் கழிவு. அதை 'நியாயம்' என்று நானே பெருமையாகச் சொல்லிக்கொண்டேன்.

குழுவில் ஒரு நண்பன் தொழிற்சாலையில் 12 மணிநேர ஷிப்ட் பார்ப்பவன். ஒரு வருடத்தில் 12 முறை கூடினோம். அவனால் நான்கு முறைதான் வர முடிந்தது. வருட முடிவில் மற்றவர்கள் ஐந்தாம் லெவல், அவன் மூன்று. தெரியாதவர்களுக்கு இது சின்ன வித்தியாசமாகத் தெரியும். ஐந்தாம் லெவலில்தான் போர்வீரனுக்கு ஒரே சுற்றில் இரண்டாவது வெட்டு கிடைக்கும், மந்திரவாதிக்கு நெருப்புக் குண்டு கிடைக்கும். அவர்களுக்கு ஈடாக நான் இறக்கிய அரக்கன் இவனை ஒரே அடியில் சாய்த்தான். மீதி இரண்டு மணிநேரம் அவன் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சாய்ந்து கிடந்தவன் என்னத்தை நடிப்பான்? அன்றைக்கும் அவனுக்குத்தான் குறைந்த எக்ஸ்பி.

கார் நிறுத்துமிடத்தில் அவன் சொன்னது: "மச்சான், கோச்சுக்காதடா. வேலையிலயும் வருஷக் கடைசியில இப்படித்தான் தாள் நீட்டுவானுங்க. நான் இங்க வர்றதே அத மறக்கத்தான்."

அதன் பிறகு அவன் வரவில்லை.

நான் வேலை செய்யும் இடத்திலும் வருடக் கடைசியில் கேபிஐ உண்டு. எல்லாரும் நன்றாகச் செய்திருந்தாலும் யாராவது ஒருவருக்குக் குறைந்த மதிப்பெண் போட்டே ஆக வேண்டும். அதைத் திட்டாத நாள் கிடையாது. ஆனால் சனிக்கிழமை இரவு வீட்டுக்கு வந்து அதே தாளை என் நண்பர்களுக்காக ஆசையோடு தயாரித்திருக்கிறேன். யாரும் என்னைக் கேட்கவில்லை, சம்பளமும் இல்லை.

இது என் கண்டுபிடிப்பும் இல்லை என்று பிறகுதான் தெரிந்தது. 1979-இல் வந்த கைகாக்ஸின் டன்ஜன் மாஸ்டர் கையேட்டில், டி.எம். ஒவ்வொருவரின் ஆட்டத்துக்கும் தரம் போட வேண்டும் என்று ஒரு விதி இருக்கிறது. மிகச் சிறப்பு முதல் மோசம் வரை நான்கு தரம். தரம் குறையக் குறைய, லெவல் ஏறுவதற்கான பயிற்சிக்கு அதிக வாரங்கள், அதிகப் பொற்காசு. மோசமாக ஆடியவனிடமே கூடுதல் கட்டணம் வசூலிக்கும் டியூஷன் சென்டர்!

'அப்படியென்றால் தவறாமல் வருபவனுக்கு என்ன மரியாதை?' என்று எங்கள் குழுவிலேயே கேட்டார்கள். 12 முறை வந்தவனுக்கு 12 இரவுகள் கிடைத்தன. சிரித்தான், கத்தினான், டிராகன் முன்னால் பொய் சொல்லித் தப்பித்தான். எட்டு இரவுகளை ஷிப்டில் தொலைத்தவன் ஏற்கனவே இழந்துவிட்டான். அவனிடமிருந்து லெவலையும் பிடுங்குவது எந்த ஊர் நியாயம்?

லெவலே வேண்டாம் என்றும் நான் சொல்லவில்லை. 1977-இல் வந்த டிராவலர் விளையாட்டில் எக்ஸ்பியே கிடையாது. கதாபாத்திரங்கள் பல வருடம் வேலை பார்த்து முடித்த ஆட்களாகவே ஆரம்பிக்கிறார்கள். அதுவும் நன்றாகத்தான் இருக்கும். எனக்கு வளர்ச்சி பிடிக்கும். ஆனால் அதற்கு டி.எம்.மின் தயவு தேவையில்லை. 1978-இல் வந்த ரூன்குவெஸ்டைப் பாருங்கள். ஒரு திறனை வெற்றிகரமாகப் பயன்படுத்தினால் அதன் பக்கத்தில் ஒரு குறி. சாகசம் முடிந்ததும் நூறுக்குள் பகடை உருட்ட வேண்டும். உன் திறனைவிட அதிக எண் விழுந்தால்தான் திறன் ஏறும். 30 உள்ளவன் சுலபமாக ஏறுவான். 90 உள்ளவன் திணறுவான். புதியவன் வேகமாகக் கற்கிறான், தேர்ந்தவன் மெதுவாக. வாழ்க்கையில் அப்படித்தானே நடக்கிறது? 2012-இல் வந்த டன்ஜன் வேர்ல்டில் பகடையில் தோற்றால் ஒரு எக்ஸ்பி. ஆட்டம் முடிந்ததும் உலகத்தைப் பற்றிப் புதிதாக எதையாவது கற்றோமா என்பது மாதிரி சில கேள்விகளை மேசை மொத்தமும் சேர்ந்து கேட்டுக்கொள்ளும். 'ஆமாம்' என்றால் எல்லாருக்கும் புள்ளி.

டி.எம்.களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். எதற்குப் புள்ளி என்பதை முதல் நாளே தாளில் எழுதி மேசை நடுவில் வையுங்கள். குழுவுக்கு ஒரே கணக்கு வையுங்கள். வராதவனுக்கும் அதே எண். யார் நன்றாக நடித்தார் என்று தரம் போடாதீர்கள், அதற்குக் கைதட்டல் இருக்கிறது. இதைச் செய்ய மனமில்லை என்றால், குறைந்தபட்சம் 'என் கதைக்கு ஒத்துழைத்தால் லெவல் தருவேன்' என்று வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். நடிக்க வந்தவர்கள் தெரிந்தே நடிக்கட்டும்.

எக்செல் தாளை அழித்துவிட்டேன். இப்போது மூன்று கேள்விகள், ஒரு பொது எண். நண்பனுக்கு வாட்ஸ்அப்பில் மன்னிப்புக் கேட்டு எழுதினேன். "ஷிப்ட் மாறினா பாக்குறேன்டா" என்று பதில் வந்து ஐந்து மாதமாகிறது. அவனுடைய கதாபாத்திரத் தாள் என் கோப்பில்தான் இருக்கிறது. குழு ஏறும்போதெல்லாம் அதிலும் லெவலை அழித்து எழுதுகிறேன். போன வாரம் ஆறு ஆனது.