மலையகத்தின் பனிக்காலத்துக்கு முன்னேற்பாடு செய்யக் கோரும் மனு

அனுப்புநர்:
தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்,
தேவிகுளம், சித்தூர் தாலுகாக்களின் மலைப் பகுதித் தோட்டத் தொழிலாளர் மற்றும் சிறு விவசாயிகள் சங்கம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள், இடுக்கி மாவட்டம், பைனாவு.
மாவட்ட ஆட்சியர் அவர்கள், பாலக்காடு மாவட்டம், பாலக்காடு.

நகல்: தோட்டங்களின் தலைமை ஆய்வாளர்; மாநிலப் பேரிடர் மேலாண்மை ஆணையம், திருவனந்தபுரம்; சப் கலெக்டர், தேவிகுளம்; தாசில்தார், சித்தூர்.

பொருள்: மூணாறு, வட்டவடை, காந்தளூர், நெல்லியாம்பதி உள்ளிட்ட எல்லை மலைப் பகுதிகளில் ஆண்டுதோறும் வரும் கடுங்குளிரையும் உறைபனியையும் பேரிடர் மேலாண்மைத் திட்டத்தில் சேர்த்து, பனி இறங்கும் முன்பே நடவடிக்கை எடுக்கக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,



மழைக்காலம் நெருங்கும்போது எங்கள் மலைகளில் அரசு விழித்திருப்பதைப் பார்க்கிறோம். முகாம்களுக்கான பள்ளிக்கூடங்கள் முன்கூட்டியே குறித்து வைக்கப்படுகின்றன. தாலுகா அலுவலகத்தில் கட்டுப்பாட்டு அறை திறக்கிறது. ஆரஞ்சு அலர்ட், ரெட் அலர்ட் என்று கைப்பேசிக்கே செய்தி வருகிறது. இந்த ஏற்பாடு எளிதில் வந்துவிடவில்லை. 2018 ஆகஸ்டில் மண்சரிவால் சாலை அறுந்து, நெல்லியாம்பதி மலைமேல் இருந்தவர்கள் பல நாட்கள் துண்டிக்கப்பட்டுக் கிடந்தார்கள். 2020 ஆகஸ்ட் 6ஆம் தேதி இரவு பெட்டிமுடியில் லயங்களோடு (தொழிலாளர் வரிசை வீடுகளோடு) சேர்த்து 70 பேரை மண் கொண்டுபோனது. அவ்வளவு இழந்த பிறகுதான் மழைக்கென்று ஒரு நிர்வாகம் எங்களுக்குக் கிடைத்தது. குளிருக்கு அது இன்னும் கிடைக்கவில்லை.

நவம்பர் பாதியில் தொடங்கும் குளிர் பிப்ரவரி வரை விடுவதில்லை. இந்த மூன்று மாதங்களைப் பற்றிப் பத்திரிகைகளில் வருவதெல்லாம் சுற்றுலாச் செய்திதான். செவன்மலை, செண்டுவரை, லட்சுமி, குண்டளை என்று எங்கள் டிவிஷன்களின் பெயர் அப்போதுதான் வெளியூர்க்காரர்களுக்குத் தெரியவருகிறது. 2019 ஜனவரியில் வெப்பநிலை பூஜ்ஜியத்துக்குக் கீழே போய்ப் பல நாட்கள் தொடர்ந்து உறைபனி பெய்தபோதும் படம் எடுக்கத்தான் கூட்டம் வந்தது. அந்த வெள்ளைப் புல்வெளிக்கு நூறடி தள்ளியிருக்கும் லயத்தில் இரவு எப்படிக் கழிந்தது என்று கேட்டு எந்த அலுவலரும் வந்ததாக எங்கள் உறுப்பினர்கள் யாருக்கும் நினைவில்லை. சுற்றுலாப் பயணிகள் மீது எங்களுக்கு வருத்தம் இல்லை. எங்கள் பிள்ளைகளில் பலர் ஜீப் ஓட்டியும் கடை வைத்தும் அவர்களால்தான் பிழைக்கிறார்கள். குளிரை வேடிக்கைப் பொருளாக மட்டுமே நிர்வாகமும் பார்ப்பதுதான் எங்கள் குறை.

உறைபனி எங்கே அதிகம் விழுகிறது என்பது எங்கள் பெரியவர்களுக்குத் தெரியும். மேகமில்லாத இரவில் நிலம் சூட்டை இழக்கும்போது, கனத்த குளிர்காற்று சரிவில் இறங்கிப் பள்ளத்தாக்கின் அடியில் தேங்கும். தண்ணீர் வசதிக்காக ஓடைக்கரைகளில் கட்டப்பட்ட பழைய லயங்கள் பல இந்தப் பள்ளங்களில்தான் இருக்கின்றன. மழையில் எந்த இடம் ஆபத்தோ, பெரும்பாலும் பனியிலும் அதே இடம்தான் கடுமையாக இருக்கிறது. ஆகவே மண்சரிவு அபாயப் பட்டியல் தயாரிக்கும் அதே அலுவலர்கள், அதே நடையில், உறைபனி விழும் லயங்களையும் குடிகளையும் பட்டியல் எடுத்துவிட முடியும். இந்தப் பட்டியலை அக்டோபர் முடிவதற்குள் வார்டு வாரியாகத் தயாரித்துப் பஞ்சாயத்து அலுவலகங்களில் ஒட்ட வேண்டும் என்பதே எங்கள் முதல் கோரிக்கை.

இதற்குப் புதிதாகச் சட்டம் எதுவும் வேண்டியதில்லை. மாநிலப் பேரிடர் நிவாரண நிதியிலிருந்து உதவி வழங்கத்தக்க இயற்கைச் சீற்றங்களின் பட்டியலில் உறைபனியையும் குளிர் அலையையும் மத்திய அரசு 2012லேயே சேர்த்துவிட்டது. மலைப் பகுதியில் குறைந்தபட்ச வெப்பநிலை பூஜ்ஜியத்துக்கு வந்தால், இயல்பிலிருந்து அது எவ்வளவு குறைந்தது என்று பார்த்து அதைக் குளிர் அலையாகக் கணக்கில் எடுக்கலாம் என்பது இந்திய வானிலைத் துறையின் வரையறை. வடமாநிலங்களுக்கு என்று நினைத்து எழுதியதாக இருக்கலாம். ஆனால் எங்கள் பள்ளத்தாக்குகளுக்கும் அது அப்படியே பொருந்துகிறது. கேரளத்தில் குளிர் உண்டா என்று கேட்கும் அலுவலர்கள் ஜனவரி மாதத்தில் விடியற்காலை ஐந்து மணிக்கு ஒருமுறை செவன்மலைக்கு வந்து நிற்க வேண்டும் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறோம்.

லயத்தின் உள்ளே என்ன நடக்கிறது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதி வேண்டும். ஒரு படுக்கையறை, ஒரு சமையலறை. கூரை தகரம், அல்லது ஆஸ்பெஸ்டாஸ். கீழே தட்டுப்பலகை கிடையாது. இரவு பத்து மணிக்கு மேல் தகரம் பனிக்கட்டி மாதிரி ஆகிவிடும். ஐந்தாறு பேர் விடும் மூச்சும், அடுப்பிலிருந்து எழுந்த ஆவியும் அந்தத் தகரத்தில் பட்டு நீராகிச் சொட்டும். மழை இல்லாத மாதத்திலும் வீட்டுக்குள் கூரை ஒழுகுகிறது என்று நாங்கள் சொன்னால் கீழ்நாட்டில் யாரும் நம்புவதில்லை. பழைய சேலையையும் பிளெக்ஸ் பேனரையும் விட்டத்தில் கட்டி, அது ஏந்திய தண்ணீரைக் காலையில் பெண்கள் பிழிந்து கொட்டுகிறார்கள். படுக்கை நனைந்தால் அது காய மூன்று நாள் ஆகும். துவைத்த பள்ளிச் சீருடை காயாமல், அடுப்புக்கு மேலே கொடியில் தொங்கப்போட்டுப் புகை மணத்தோடு பிள்ளைகள் போட்டுக்கொண்டு போகிறார்கள். சுவர்ப் பிளவுகளில் சாக்கும் செய்தித்தாளும் அடைத்து வைத்திருக்கிறோம்.

லயங்களைச் சீரமைக்க 10 கோடி ரூபாய் ஒதுக்குவதாக மாநில பட்ஜெட்டில் அறிவிப்பு வந்ததை நாங்கள் மகிழ்ச்சியோடு கேட்டோம். அந்தப் பணம் எங்கள் கூரைக்கு எப்போது வரும் என்று தெரிய விரும்புகிறோம். சீரமைப்பு என்றால் வெளியே சுண்ணாம்பு அடிப்பதோடு நின்றுவிடக் கூடாது. கூரைக்குக் கீழே தட்டுப்பலகை, சன்னல்களுக்குக் கண்ணாடி, சிமெண்டுத் தரைக்குமேல் ஈரம் ஏறாத விரிப்பு, புகை வெளியேறும் குழாயோடு கூடிய அடுப்பு ஆகிய நான்கும் அதில் கட்டாயம் இருக்க வேண்டும். உறைபனிப் பட்டியலில் வரும் லயங்களில் இந்த வேலை முதலில் தொடங்கட்டும். வீட்டு வசதி தோட்ட நிர்வாகத்தின் சட்டப்பூர்வக் கடமை. அதைத் தோட்ட ஆய்வாளர்கள் பனிக்காலத்தில் நேரில் வந்து பார்க்க வேண்டும். வெயில் காலத்தில் வந்து பார்த்தால் எல்லாக் கூரையும் நல்ல கூரையாகத்தான் தெரியும்.

அடுத்தது கம்பளி. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டத்தின் 17ஆம் பிரிவு, மழையிலிருந்தும் குளிரிலிருந்தும் தொழிலாளரைக் காக்கக் குடை, கம்பளி, மழைக்கோட்டு போன்றவற்றை நிர்வாகமே தரும்படி விதி வகுக்க மாநில அரசுக்கு அதிகாரம் கொடுத்தது. இந்த நாட்டில் மலைத்தொழிலாளிக்குக் குளிரும் என்று ஒப்புக்கொண்ட முதல் வரிகளில் அதுவும் ஒன்று. எங்கள் பாட்டிமார் அந்தக் கம்பளியைத் தலையில் மடித்துப் போட்டுக்கொண்டுதான் கொழுந்துக்குப் போனார்கள். இன்று எங்கள் உறுப்பினர்கள் வேலை செய்யும் சில தோட்டங்களில் கம்பளி காலம் கடந்து வருகிறது. சில இடங்களில் அதன் விலை சம்பளத்தில் பிடிக்கப்படுகிறது. தற்காலிகத் தொழிலாளர்களுக்கும் வடமாநிலங்களிலிருந்து வந்து லயங்களில் தங்கியிருப்பவர்களுக்கும் அது கிடைப்பதே இல்லை. ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்த அந்தக் குடும்பங்களுக்காகவும் சேர்த்தே இந்த மனுவை எழுதுகிறோம். 1951ஆம் ஆண்டுச் சட்டம் 2020ஆம் ஆண்டின் தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் சேர்க்கப்பட்டுவிட்டது. அதன்கீழ் மாநிலம் வகுக்கும் விதிகளில் கம்பளி உரிமை விடுபட்டுவிடக் கூடாது. ஆண்டுக்கொரு தரமான கம்பளி, இரண்டு ஆண்டுக்கொரு ஸ்வெட்டர், ரப்பர் பூட்ஸ் ஆகியவற்றை நவம்பர் 1ஆம் தேதிக்குள் பிடித்தம் இல்லாமல் தர வேண்டும் என்று எழுத்தில் உத்தரவிடக் கோருகிறோம்.

வேலை நேரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். உறைபனி விழுந்த காலையில் செடி முழுவதும் ஈரமும் பனியுமாக இருக்கும். பிரட்டு (காலை ஆள் கணக்கெடுப்பு) முடிந்து மலை ஏறினால் இடுப்புக்குக் கீழே அரை மணி நேரத்தில் நனைந்துவிடுகிறது. கத்திரி பிடிக்கும் விரல்கள் விறைத்துப்போய், நுனி வெடித்து இரத்தம் கசிகிறது. தேங்காய் எண்ணெயைச் சூடாக்கித் தடவி, துணி சுற்றிக்கொண்டு வெட்டுகிறார்கள். அப்படிப்பட்ட நாட்களில் வேலை தொடங்கும் நேரத்தை ஒன்பது மணிக்குத் தள்ளி, அதற்காக ஹாஜரோ கூலியோ குறையாதபடி செய்ய வேண்டும். பகலில் ஒரு தடவையாவது மலையிலேயே சூடான தேநீர் கிடைக்க வேண்டும். தேயிலை விளைவிக்கும் கைகளுக்கு இதைக் கேட்க வேண்டியிருப்பது எங்களுக்கு வேதனை தருகிறது.

பனி, வருமானத்தையும் கருக்குகிறது. உறைந்த இலையில் வெயில் பட்டதும் வெந்நீர் ஊற்றியதுபோல் செடி பழுப்பாகிவிடும். திரும்பத் துளிர்க்கும் வரை அந்தக் காட்டில் கொழுந்து இல்லை. கொழுந்து இல்லையென்றால் அதிகக் கிலோவுக்குக் கிடைக்கும் காசு இல்லை. தற்காலிகத் தொழிலாளர்களுக்கு வேலையே இல்லாமல் போகிறது. விறகு, மருந்து, கம்பளி என்று செலவு ஏறும் மாதமும், சம்பளம் இறங்கும் மாதமும் ஒன்றாக வருவதால்தான் பனிக்காலக் கடன் அடுத்த ஓணம் வரை எங்களைத் துரத்துகிறது. 2015 செப்டம்பரில் பெண் தொழிலாளர்கள் மூணாறு வீதியில் உட்கார்ந்து போனஸுக்காகப் போராடியதை நாடே பார்த்தது. அந்தப் பெண்களின் வீட்டுக் கணக்கில் இந்த மூன்று மாதங்களும் இருந்தன. பனிக்கருகலால் வேலை குறையும் நாட்களுக்குக் கவாத்து, வழி வெட்டு, கான் (வடிகால்) வெட்டு போன்ற மாற்று வேலை தர நிர்வாகங்களுக்கு அறிவுறுத்த வேண்டும். தற்காலிகத் தொழிலாளர்களுக்கு அந்த மாதங்களில் ஊரக வேலைத் திட்டத்தில் முன்னுரிமை வேண்டும்.

வட்டவடை, காந்தளூர் விவசாயிகளின் நிலை வேறு. அங்கே கூலியாவது வரும் என்ற உறுதியும் இல்லை. முட்டைக்கோஸ், பீன்ஸ், உருளைக்கிழங்கு எல்லாம் ஒரே இரவில் கருகலாம். புவிசார் குறியீடு பெற்ற வெள்ளைப்பூண்டு எங்கள் மண்ணின் பெருமைதான், ஆனாலும் கடனை அடைப்பது காய்கறி. நிவாரண விதிப்படி 33 சதவீதத்துக்கு மேல் பயிர் இழந்தவர்களுக்கு இடுபொருள் உதவி உண்டு. கருகிய செடியைக் கிருஷி பவன் வேளாண் அலுவலர் வந்து பார்ப்பதற்குள் விவசாயி அதைப் பிடுங்கிவிட்டு அடுத்த நடவுக்குத் தயாராகிவிடுகிறார். பிறகு காட்ட ஒன்றும் மிஞ்சுவதில்லை. தகவல் கொடுத்த மூன்று நாட்களுக்குள் ஆய்வு நடக்க வேண்டும், இல்லையெனில் வார்டு உறுப்பினர் சான்றளித்த புகைப்படத்தை ஏற்க வேண்டும். பட்டா இல்லாமல் பயிர் செய்பவர்களையும் இதில் விட்டுவிடக் கூடாது. வெப்பநிலைப் பதிவு இல்லாமல் இழப்பை நிரூபிக்க முடியாது என்பதால், கோவிலூர், செவன்மலை, குண்டளை, நெல்லியாம்பதி ஆகிய இடங்களில் தானியங்கி வானிலைக் கருவிகள் வேண்டும். முந்தைய மாலையே உறைபனி எச்சரிக்கை தமிழிலும் மலையாளத்திலும் வர வேண்டும்.

உடல்நலத்தில் நாங்கள் அஞ்சுவது புகையும் சளியும். சன்னல் மூடிய அறையில் ஈர விறகு எரிகிறது. ரேஷன் மண்ணெண்ணெய் ஆண்டுக்கு ஆண்டு சுருங்கிவிட்டது, கேஸ் சிலிண்டர் டிவிஷன்களுக்கு நேரத்துக்கு வருவதில்லை. ஆஸ்துமா உள்ள முதியவர்களும் கைக்குழந்தைகளும் படும் பாட்டை இரவு வந்து கேட்டால்தான் புரியும். டிசம்பர், ஜனவரி மாதங்களில் வாரம் ஒருமுறை நடமாடும் மருத்துவக் குழு லயங்களுக்கு வர வேண்டும். நெல்லியாம்பதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரவிலும் மருத்துவரும் ஆக்சிஜனும் இருக்க வேண்டும். மூச்சுத் திணறும் ஒருவரைப் போத்துண்டி வழியாகக் கொண்டை ஊசி வளைவுகளில் இறக்கி நெம்மாறைக்குக் கொண்டுபோவதற்குள் எதுவும் நடந்துவிடலாம். இடமலைக்குடியின் முதுவான் குடிகளில் இன்றும் நோயாளியை மஞ்சலில் சுமக்கிறார்கள். அவர்கள் 2010இல் தனிப் பஞ்சாயத்து பெற்ற பிறகும் இந்த நிலை மாறவில்லை. பனிக்காலத்திலாவது அங்கே தங்கும் செவிலியர் ஒருவரை நியமிக்க வேண்டும்.

விடுமுறை நாட்களில் மூணாறுச் சாலைகள் அடைத்துக்கொள்வதால் ஆம்புலன்ஸ் நகர முடிவதில்லை. டிசம்பர் 20 முதல் ஜனவரி 5 வரை ஒரு தடத்தை அவசர வண்டிகளுக்கென்று போலீஸ் ஒதுக்கி வைக்க வேண்டும். மூடுபனியில் பத்தடிக்கு முன்னால் நிற்கும் யானை தெரிவதில்லை. காலை நேரத்தில் யானை இருக்கும் டிவிஷனை வனத்துறை முன்கூட்டியே சொல்ல வேண்டும். லயப் பாதைகளில் எரியாத தெருவிளக்குகளை நவம்பருக்குள் மாற்ற வேண்டும். தோட்டத்துக்குள் ஓர் உரிமதாரர், வெளியே மின்வாரியம் என மின் விநியோகம் இரண்டாக இருப்பதால் புகார் இங்கும் அங்கும் அலைகிறது. ஒரே புகார் எண் வேண்டும். அங்கன்வாடிகளும் தொடக்கப் பள்ளிகளும் உறைபனி நாட்களில் அரை மணி தாமதமாகத் தொடங்க அனுமதி வேண்டும்.

இதே இடுக்கி மாவட்டத்தின் பீர்மேட்டில் 2000ஆம் ஆண்டு முதல் பூட்டிக் கிடக்கும் தோட்டங்களின் லயங்களில் இருப்பவர்களுக்குக் கம்பளி கேட்க ஒரு நிர்வாகம்கூட இல்லை. அவர்களுக்கு அரசே நிர்வாகம் என்று கருதி, மேலே கேட்டவை அனைத்தையும் அரசின் செலவில் செய்து தர வேண்டும்.

இவை குறித்துப் பேச அக்டோபர் முதல் வாரத்தில் மூணாறிலும் நெல்லியாம்பதியிலும் தனித்தனிக் கூட்டம் கூட்டி, தொழிலாளர் நலம், சுகாதாரம், வனம், வேளாண்மை, மின்சாரம் ஆகிய துறைகளின் அலுவலர்களோடு தோட்ட நிர்வாகங்களையும் பெண் தொழிலாளர் பிரதிநிதிகளையும் அழைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழ்ச் சிறுபான்மையினர் தமிழில் எழுதவும் தமிழிலேயே பதில் பெறவும் உரிமை தந்துள்ளது. அதன்படி இம்மனுவுக்கான பதிலைத் தமிழில், எந்தக் கோரிக்கை ஏற்கப்பட்டது, எது எந்தத் துறைக்கு எந்தத் தேதியில் அனுப்பப்பட்டது என்ற விவரத்தோடு, முப்பது நாட்களுக்குள் எங்களுக்குத் தர வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தலைவர் / செயலாளர்
(உறுப்பினர்களின் கையொப்பங்களும் கைரேகைகளும் இணைக்கப்பட்டுள்ளன)
இடம்: மூணாறு