தனியாக இருக்கப் பழகு, முறுக்கு!

தமிழில் நாயைப் பற்றிய பழமொழிகளுக்குப் பஞ்சமே இல்லை. நாய் வாலை நிமிர்த்த முடியாது என்கிறோம். குளிப்பாட்டி நடுவீட்டில் வைத்தாலும் அது போகிற இடத்துக்குத்தான் போகும் என்கிறோம். குரைக்கிற நாய் கடிக்காது என்றும் சொல்கிறோம். இந்த மூன்றாவதை மட்டும் வீவக வீட்டில் இருப்பவர்கள் கொஞ்சம் திருத்திக்கொள்ளலாம். குரைக்கிற நாய் கடிக்காமல் போகலாம். ஆனால் இடப்பக்கம், வலப்பக்கம், மேல்மாடி, கீழ்மாடி என்று நான்கு குடும்பங்களின் தூக்கத்தைத் தின்றுவிடும்.

மூன்று மாதங்களுக்கு முன்பு எங்கள் குவீன்ஸ்டவுன் வீட்டுக்கு ஒரு டாய் பூடில் குட்டி வந்தது. பதினோரு வார வயது, உடம்பெல்லாம் சுருள் முடி. பார்த்தவுடன் தம்பி “முறுக்கு” என்றான். பெயர் நிலைத்துவிட்டது. அன்றிலிருந்து உறவினர்களும் மின்தூக்கியில் பார்ப்பவர்களும் கேட்பது ஒரே கேள்விதான். “என்ன வித்தை தெரியும்? கை கொடுக்குமா? உருளுமா?”

“இரண்டு மணி நேரம் தனியாக, சத்தம் போடாமல் இருக்கும்” என்பேன். சிரிக்கிறார்கள். ஆனால் அடுக்குமாடி வீட்டு நாய்க்கு அதைவிடப் பெரிய வித்தை இல்லை. சின்ன இன நாய்கள் பொதுவாக 12 முதல் 15 ஆண்டுகள் வாழும். தொடக்கப்பள்ளியில் சேரும் பிள்ளை பல்கலைக்கழகம் போகும்வரை கூடவே இருக்கும். அத்தனை ஆண்டுகள் அது நம் வீட்டில் இருக்குமா, “நல்ல குடும்பத்துக்குத் தத்துக் கொடுக்கப்படும்” என்ற அறிவிப்பில் படமாக வருமா என்பது பெரும்பாலும் முதல் சில மாதங்களிலேயே முடிவாகிவிடுகிறது.

வாங்கும் முன்பே தொடங்கும் பாடம்

வீவக வீட்டில் ஒரு நாய்தான் வளர்க்கலாம். அதுவும் அனுமதிக்கப்பட்ட 62 சிறிய இனங்களில் ஒன்றாக இருக்க வேண்டும். மால்டீஸ், சிவாவா, பொமரேனியன், ஷிட் சூ, பக் எல்லாம் பட்டியலில் உண்டு. குட்டையாக இருக்கிறதே என்று கோர்கி வாங்கிவிட முடியாது. அது பட்டியலில் இல்லை. ஊர்ப்பாசத்தில் ராஜபாளையமோ சிப்பிப்பாறையோ கேட்பவர்களுக்கும் இதே பதில்தான். விதியை மீறினால் 4,000 வெள்ளி வரை அபராதம். இனநாய் வேண்டாம், உள்ளூர்க் கலப்பின நாயைத் தத்தெடுக்கலாம் என்று நினைப்பவர்களுக்கு 2012-இல் தொடங்கிய ‘அடோர்’ திட்டம் இருக்கிறது.

மூன்று மாதத்துக்கு மேற்பட்ட எல்லா நாய்களுக்கும் தேசியப் பூங்காக் கழகத்தின் கீழ் இயங்கும் விலங்கு, கால்நடை மருத்துவச் சேவையிடம் உரிமம் பெற வேண்டும். கருத்தடை செய்த நாய்க்கு ஆண்டுக்கு 15 வெள்ளி. செய்யாவிட்டால், ஐந்து மாதம் கடந்ததும் 90 வெள்ளி. குட்டி தேடி அலைந்தபோது விற்பவர் ஒருவர், “லைசன்ஸ் எல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்” என்றார். அவர் வாசலோடு திரும்பிவிட்டோம். தாளைப் பற்றி அக்கறையில்லாதவர் தடுப்பூசியைப் பற்றி அக்கறைப்பட்டிருப்பாரா?

இன்னொரு உண்மையும் உண்டு. நம் வீடுகளில் நாய் வேண்டும் என்று கேட்பது பிள்ளைகள், வளர்ப்பது அம்மா. எனக்குக் காலை நிகழ்ச்சி. விடியுமுன் கிளம்பினால் நண்பகலில்தான் திரும்புவேன். அப்பாவும் தம்பியும் வேலைக்குப் போய்விடுவார்கள். அதனால் குட்டி வருவதற்கு ஒரு வாரம் முன்பே யார் எப்போது உணவு வைப்பது, யார் சுத்தம் செய்வது என்று அட்டவணை போட்டோம். அம்மா அதில் ஒரு வரி சேர்த்தார்: “வெள்ளிக்கிழமை காலை நான் முனீஸ்வரன் கோயிலுக்குப் போவேன். நாய்க்காக நிறுத்த மாட்டேன்.” முறுக்கின் பயிற்சித் திட்டம் முழுவதும் அந்த ஒரு வரியிலிருந்துதான் பிறந்தது.

எந்த மொழியில் சொல்வது?

சிங்கப்பூர்த் தமிழ்க் குடும்பத்துக்கே உரிய சிக்கல் இது. அம்மா “இங்க வாடா கண்ணு” என்பார். அப்பா “கம்” என்பார். தம்பி விசில் அடிப்பான். நமக்கு மூன்றும் ஒன்று. குட்டிக்கு அவை மூன்று வெவ்வேறு சத்தங்கள்.

குரலை வைத்துப் பிழைப்பவள் என்பதால் இந்தப் பொறுப்பை நானே எடுத்துக்கொண்டேன். ஆறே சொற்கள். எழுதிக் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டியாயிற்று. எந்த மொழி என்பது முக்கியமில்லை. எல்லாரும் அதே சொல்லைச் சொல்ல வேண்டும், சொற்களும் காதுக்கு ஒன்றுபோல் ஒலிக்கக் கூடாது. ‘படு’, ‘விடு’ இரண்டும் ‘டு’வில் முடிகின்றன. ‘வா’, ‘வேணாம்’ இரண்டும் ‘வ’வில் தொடங்குகின்றன. எனவே எங்கள் பட்டியல் இப்படி அமைந்தது: வா, உக்காரு, படு, இரு, டிராப், நோ. தமிழ்ப் பற்றாளர்கள் கடைசி இரண்டையும் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

சொல்லும் விதமும் சேர வேண்டும். 2016-இல் ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகர ஆய்வாளர்கள் 13 நாய்களை எம்ஆர்ஐ கருவிக்குள் அசையாமல் படுக்கப் பழக்கி, அவற்றின் மூளையைப் படம் பிடித்தார்கள். பாராட்டும் சொல்லும் பாராட்டும் தொனியும் சேர்ந்து வந்தபோதுதான், மகிழ்ச்சியோடு தொடர்புடைய பகுதி நன்றாகத் தூண்டப்பட்டது. பொருளில்லாத சொல்லைக் கொஞ்சிச் சொன்னபோது அப்படி நடக்கவில்லை. எனவே சொன்னதைச் செய்த மறு விநாடியே, மலர்ந்த குரலில், அதே பாராட்டுச் சொல். கூடவே விரல்நுனி அளவு தின்பண்டம். ஐந்து விநாடி கழித்துக் கொடுத்தால், எதற்காகக் கிடைத்தது என்று குட்டிக்குப் புரியாது. ஒரு தடவைக்கு ஐந்து நிமிடப் பயிற்சி போதும். அடித்தால் பாடம் மனத்தில் நிற்காது, பயம்தான் நிற்கும்.

நாளிதழின் இன்னொரு பயன்

குட்டி தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடி முடித்ததும் சிறுநீர் கழிக்கும். இந்த மூன்று நேரங்களிலும் துணி துவைக்கும் இடத்தில் விரித்த பழைய நாளிதழில் கொண்டுபோய் விட வேண்டும். போனதும் பாராட்ட வேண்டும். அவ்வளவுதான் ரகசியம். எத்தனை மாத வயதோ, அதோடு ஒன்று கூட்டினால் வருவது பகலில் குட்டி அடக்கக்கூடிய மணி நேரம் என்று ஒரு தோராயக் கணக்கு உண்டு. சின்ன இனங்களுக்கு அதையும் குறைத்துக்கொள்ளுங்கள். தவறிய இடத்தை அம்மோனியா கலந்த திரவத்தால் துடைக்காதீர்கள். அந்த வாடை சிறுநீரைப் போலவே இருப்பதால் குட்டி அங்கேயே திரும்பி வரும். எங்கள் வீட்டில் விரித்த தாள்களில் என் பத்தியும் இருந்தது. விமர்சனத்தைப் பெருந்தன்மையோடு ஏற்றுக்கொண்டேன்.

தேக்கா பையில் இருக்கும் ஆபத்து

தேக்காவிலிருந்து அம்மா கொண்டுவரும் பையில் நாய்க்கு ஆகாதவை நிறையவே உண்டு. சின்ன வெங்காயம், பெரிய வெங்காயம், பூண்டு மூன்றும் நாயின் சிவப்பணுக்களைச் சிதைப்பவை. சாம்பாரில் வெந்தாலும் நஞ்சு நஞ்சுதான். பாயசத்தில் போடும் உலர்திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும். சாக்லேட்டும், சர்க்கரையற்ற மிட்டாய்களில் சேர்க்கும் சைலிட்டோலும் உயிருக்கே ஆபத்து. வெந்த கோழி எலும்பு கூராக உடைந்து குடலைக் கிழிக்கலாம். இரண்டு மூன்று கிலோ எடையுள்ள உடம்புக்குச் சிறிய அளவே போதும். அதனால் “ஒரு வாய் சோறுதானே” என்று பாசத்தோடு ஊட்ட வரும் உறவினரை அன்போடு தடுத்துவிடுங்கள்.

சின்ன இனக் குட்டிக்குப் பசி நீண்டால் ரத்தச் சர்க்கரை சட்டென்று இறங்கித் துவண்டுபோகும். நாளுக்கு மூன்று நான்கு வேளையாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும். கழுத்துப் பட்டையில் கயிறு கட்டி இழுத்தால் மென்மையான மூச்சுக்குழாய் பாதிக்கப்படும். மார்போடு அணியும் வார்ப்பட்டை நல்லது. நம் ஊரில் கொசு மூலம் இதயப்புழு பரவுவதால், அதற்கான தடுப்பு மருந்தைப் பற்றி முதல் சந்திப்பிலேயே கால்நடை மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.

கதவை மூடிவிட்டுப் போவது

இனி அம்மாவின் வெள்ளிக்கிழமை. நாய் கூட்டமாக வாழும் பிராணி. தனிமை அதற்கு இயல்பாக வராது, கற்றுத்தர வேண்டும். வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவர்களின் குட்டிகளுக்கு இது இன்னும் கடினம். நாள் முழுக்க மடியில் இருந்துவிட்டு, அலுவலகத்துக்குத் திரும்பும் நாளில் திடீரென்று எட்டு மணி நேரம் தனியாக என்றால் அது என்ன செய்யும்? குரைக்கும், கதவைப் பிறாண்டும், எச்சில் வடியும். அது பிடிவாதமன்று, பீதி.

நாங்கள் பத்து விநாடியில் தொடங்கினோம். முறுக்கை அதன் தடுப்புக் கூண்டுக்குள் மெல்லும் பொம்மையோடு விட்டுவிட்டு, கதவுக்கு வெளியே நின்று பத்து எண்ணிவிட்டு உள்ளே வருவது. பிறகு முப்பது விநாடி. பிறகு ஒரு நிமிடம். சில நாள் கூட்டினோம், சில நாள் குறைத்தோம். போகும்போது “போயிட்டு வரேன் செல்லம்” என்ற நாடகம் கிடையாது. வரும்போதும் ஆரவாரம் கிடையாது. சாவியை எடுத்தாலே குட்டி பரபரக்கும் என்பதால், சாவியை எடுத்துக்கொண்டு சோபாவில் உட்கார்ந்து அந்தச் சத்தத்தின் பொருளையே மாற்றினோம். குரைக்கத் தொடங்கினால் நேரம் கூடிவிட்டது என்று பொருள். அடுத்த முறை ஒரு படி கீழே இறங்க வேண்டும். ஐந்தாவது வாரம் அம்மா கோயிலுக்குப் போய், அர்ச்சனை முடித்து, மேலே ஒரு காப்பியும் குடித்துவிட்டு வந்தார். அதுவரை வெள்ளிக்கிழமைகளில் அப்பாவும் தம்பியும் விடுப்பை மாற்றி மாற்றி எடுத்தார்கள்.

“வானொலியைப் போட்டுவிட்டுப் போகலாமா?” என்று நேயர்கள் கேட்கிறார்கள். தாராளமாகப் போடலாம். 2017-இல் கிளாஸ்கோ பல்கலைக்கழகமும் ஸ்காட்லாந்து விலங்குவதைத் தடுப்புச் சங்கமும் காப்பக நாய்களுக்கு ஐந்து வகை இசையைப் போட்டுப் பார்த்தன. மென்மையான ராக், ரெகே இரண்டுக்கும் அவை கூடுதலாக அமைதியடைந்தன. ஒரே வகையைத் தொடர்ந்து போடுவதைவிட மாற்றி மாற்றிப் போடுவது நல்லது என்றும் தெரிந்தது. ஆனால் இசை ஒரு துணை மட்டுமே, பயிற்சிக்கு மாற்று இல்லை. முறுக்கு என் குரல் கேட்டால் வானொலிப் பெட்டிக்குப் பின்னால் என்னைத் தேடுகிறதாம். அதனால் என் நிகழ்ச்சி முடிந்த பிறகுதான் அம்மா வானொலியைப் போடுகிறார். நேயர் கணக்கில் ஒன்று குறைந்தது.

நடைவழி எல்லாருக்கும்

குட்டி வரும் முன்பே பக்கத்து வீடுகளின் கதவைத் தட்டிச் சொன்னோம். “முதல் சில வாரம் அழும், பழக்கிக்கொண்டிருக்கிறோம், தொந்தரவாக இருந்தால் எங்களிடம் நேராகச் சொல்லுங்கள்” என்று தொலைபேசி எண்ணையும் கொடுத்தோம். வலப்பக்கத்து மக்சிக், “அதன் எச்சில் மட்டும் மேலே படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்” என்றார். எச்சில் பட்டால் அவர்கள் நெறிப்படி தனியாகக் கழுவித் தூய்மை செய்ய வேண்டும். எதிர்வீட்டுத் தாத்தாவுக்குச் சிறு வயதிலிருந்தே நாய் என்றால் பயம். முறுக்கு கற்ற ‘இரு’ என்ற சொல் இவர்களுக்காகத்தான். மின்தூக்கி திறந்ததும் அது உட்கார்ந்து காத்திருக்கும். உள்ளே யாராவது இருந்தால், “வரலாமா?” என்று கேட்போம். தயங்கினால் அடுத்த மின்தூக்கி.

மூன்றாவது வாரத்திலிருந்து ஏறக்குறைய பதினான்காவது வாரம்வரை குட்டியின் மனம் புதியவற்றை எளிதில் ஏற்கும். தடுப்பூசித் தொடரோ பதினாறாவது வாரம் அல்லது அதற்கும் மேல்வரை நீளும். இரண்டுக்கும் இடையில் மாட்டிக்கொள்ளாமல் இருக்க, தரையில் விடாமல் தோள்பையில் வைத்து மார்கரெட் டிரைவ் பக்கம் தூக்கிப்போனோம். பேருந்து, சக்கர நாற்காலி, குடை, இடி எல்லாவற்றையும் மடியிலிருந்தே பார்த்துப் பழகியது. தடுப்பூசி முடிந்தபின் மாலை நடை பசுமைப் பாதையில். 2011-இல் மலாயா ரயில் நின்றபின் உருவான 24 கிலோமீட்டர் தடம் அது. தங்ளின் ஹால்ட் என்ற பெயரே அந்த ரயில் நிறுத்தத்தின் நினைவுதான். கயிறு கையில், கழிவுப் பை பையில். வெயில் நேரத்தில் புறங்கையைத் தரையில் வைத்துப் பாருங்கள். உங்களுக்குச் சுட்டால் அதன் பாதத்துக்கும் சுடும்.

பள்ளி விடுமுறை வந்தால் “நாய்க்குட்டி வாங்கலாம்” என்ற பேச்சு பல வீடுகளில் எழும். பிள்ளைகளிடம் “நீ பார்த்துக்கொள்வாயா?” என்று கேட்காதீர்கள், எல்லாப் பிள்ளையும் ஆமாம் என்றுதான் சொல்லும். ஒரு தாளை எடுத்து ஏழு நாளுக்கும் கட்டம் போடுங்கள். விடியற்காலை, நண்பகல், மாலை, இரவு ஒவ்வொன்றிலும் யார் பெயர் என்று எழுதுங்கள். எல்லாக் கட்டத்திலும் ‘அம்மா’ என்று வந்தால், இன்னும் கொஞ்சம் காத்திருங்கள்.