புருனெல்லோவுக்குக் கைதட்டல், கள்ளுக்குக் கைவிலங்கு

இத்தாலிய ஒயினைப் பற்றித் தமிழில் உருகி உருகி எழுதுகிறவர்கள் இப்போது நிறைய. மொந்தால்சீனோ குன்று, பியோந்தி சாந்தி குடும்பம், 1888 புருனெல்லோ என்று வரிசையாகச் சொல்வார்கள். சொல்லட்டும், எனக்கும் அந்தக் கதை பிடிக்கும். ஒரே ஒரு திராட்சை வகை. அறுவடைக்குப் பின் ஐந்தாம் ஆண்டு பிறக்கும்வரை விற்கக் கூடாது என்று சட்டம். பாட்டன் அடைத்த புட்டியைப் பேரன் திறக்கிறான். ஏலத்தில் வாங்கிக் குடிக்காமலே அடுக்கி வைக்கிற ஆட்களும் உண்டு.

என் சண்டை, இதே ஆட்கள் கள் என்றால் மூக்கைச் சுளிப்பதோடுதான்.

எங்கள் பள்ளிபாளையம் சிக்கனில் தேங்காயைப் பல்லுப் பல்லாகக் கீறிப் போட்டால் ஊர்ப் பெருமை. அதே தென்னையில் ஏறிப் பாளையைச் சீவி, சுண்ணாம்பு தடவாத முட்டியைக் கட்டினால் குற்றம். கள்ளில் ஆல்கஹால் சுமார் 5 சதவீதம். புருனெல்லோவில் 13, 14. டாஸ்மாக் பிராந்தியில் 42.8. இதில் எதைத் தடை செய்திருக்கிறோம் பாருங்க! இறக்குமதி ஒயினை எலைட் கடையில் அரசே விற்கிறது. பிராந்திக்கான சாராயம் பெரும்பாலும் சர்க்கரை ஆலையில் மிஞ்சும் மொலாசஸிலிருந்து வருகிறது. அதில் குடியானவன் பெயரும் இல்லை, ஊர்ப் பெயரும் இல்லை.

மதுவிலக்கு எங்களுக்குப் புதிதல்ல. ராஜாஜி 1937 அக்டோபரில் அதைத் தொடங்கியதே அன்றைய சேலம் மாவட்டத்தில்தான். பள்ளிபாளையமும் அப்போது அதற்குள். அந்தச் சட்டத்தை எதிர்க்கலாம், ஆனால் அதில் ஒரு நேர்மை இருந்தது: எல்லாக் குடியும் தப்பு. 1987இல் கள்ளை மூடிவிட்டு, 2003இல் பிராந்திக் கடைக்கு அரசே முதலாளியானதில் என்ன நேர்மை?

கலப்படம் என்பார்கள். உண்மைதான், கள்ளில் கலப்படம் நடந்தது. நான் கள்ளுக்குக் கோயில் கட்டச் சொல்லவில்லை. ஆனால் 1986இல் இத்தாலியிலும் மலிவு ஒயினில் மெத்தனால் கலந்து சுமார் 20 பேர் செத்தார்கள். அங்கே திராட்சைக் கொடியை வெட்டவில்லை, சோதனையை இறுக்கினார்கள். இங்கே மறு ஆண்டே மரத்தைப் பூட்டினோம். பூட்டியும் 2024இல் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் சாராயம் 60க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது.

இன்னொரு வாதம் ரசனைக்காரர்களுடையது: ஒயின் வருஷக்கணக்கில் முதிரும், கள் சாயங்காலமே புளித்துவிடும், இதில் என்ன கலை இருக்கு? புளிக்கும்தான். சேகரிக்க முடியாது, ஏலம் விட முடியாது. இறக்கினதும் சீக்கிரமே குடித்தாக வேண்டும். அதனால்தான் பெரிய முதலாளிக்கு அதில் வேலையில்லை. பியோந்தி சாந்தி பண்ணையின் பெரும்பங்கே கடைசியில் பிரெஞ்சு நிறுவனம் ஒன்றுக்குப் போனது. கள்ளுக்கு அந்த ஆபத்துகூடக் கிடையாது.

பக்கத்துக் கேரளாவில் உரிமம் கொடுத்துக் கள்ளுக்கடை நடக்கிறது. இங்கே 1987இல் இருபது வயதில் மரம் ஏறியவருக்கு அறுபது நெருங்கிவிட்டது. மகன் விசைத்தறி ஓட்டுகிறான். பேரன் பாளை அரிவாளைக் கண்ணால் பார்த்ததே இல்லை.