ஷாக் அடிக்காது, ஆனா விரல் போகும்

திருவிழா சீசன் வந்தா எங்க பக்கம் மைக் செட்டுக்குத்தான் மவுசு. காடாம்புலியூர் மெயின் ரோட்டோரம் பத்து நிமிஷம் நின்னு பாருங்க. கூழ் ஊத்துற அறிவிப்பு ஒரு ஆட்டோவில், சாவு சேதி இன்னொன்றில், உப்பு, கோலமாவு விக்கிற வண்டியில் ரெக்கார்ட் பண்ணின குரல். பெரும்பாலும் எல்லாம் ஓடுவது வண்டி பேட்டரியில்.

போன மாசம் ஓபி முடியுற நேரம் ஒரு தம்பி கையைத் துண்டில் சுத்திக்கிட்டு வந்தார். ஊர்வலத்துக்காக ஒரு சின்ன யானையில் ஆம்ப்ளிபயர் கட்டியிருக்கார். பாசிட்டிவ் டெர்மினலை முறுக்கும்போது கை நழுவி, விரலில் இருந்த மோதிரம் டெர்மினலுக்கும் பேட்டரியைப் பிடிச்சிருக்கும் இரும்புப் பட்டைக்கும் நடுவில் மாட்டிக்கிச்சு.

"ஷாக் எல்லாம் அடிக்கல டாக்டர். மோதிரம்தான் பழுக்கக் காஞ்சிடுச்சி. இப்ப வலியும் இல்ல."

வலி இல்லை என்று அவர் நிம்மதியாகச் சொன்னார். எனக்கு அதுதான் கவலை. ஆழமான தீக்காயத்தில் நரம்பு முனைகளே வெந்துவிடும், அதனால்தான் வலிக்காது. அதிலும் காயம் விரலைச் சுற்றி வளையமாக இருந்தால், உள்ளே வீங்கும்போது வெந்த தோல் இளகிக் கொடுக்காது. விரல் நுனிக்கு ரத்தம் போவது நின்றுவிடலாம். உடனே பிளாஸ்டிக் சர்ஜரி உள்ள மருத்துவமனைக்கு அனுப்பினேன்.

"12 வோல்ட்தானே, என்ன பண்ணிடும்?" என்று நிறைய பேர் கேட்பீங்க. பாதி உண்மை. காய்ந்த தோல் மின்சாரத்தை நன்றாகத் தடுக்கும், 12 வோல்ட்டால் அதைத் தாண்டி அதிகம் தள்ள முடியாது. ஆனால் மோதிரம் தோல் இல்லையே. ஸ்டார்ட்டர் மோட்டாரைச் சுத்த 100 ஆம்பியருக்கு மேல் கொடுக்கும் பேட்டரி, இரும்பைக் கண்டால் இன்னும் பல மடங்கு கொட்டும். மோதிரம், காப்பு, ஸ்டீல் வாட்ச் எல்லாம் கழட்டி வச்சுட்டு பானட்டைத் திறங்க. கழட்டும்போது முதலில் நெகட்டிவ், மாட்டும்போது கடைசியில் நெகட்டிவ். வண்டி பாடி முழுக்க நெகட்டிவ்தான். அதைப் பிரிச்சிட்டா ஸ்பேனர் எங்கே இடிச்சாலும் பாடி வழியா ஷார்ட் ஆகாது.

இப்ப என் கோபத்துக்கு வரேன். அந்த வண்டியில் ஃபியூஸே இல்லை. "ஆம்ப்ளிபயர் பின்னாடி இருக்கே சார்" என்றார் கூட வந்தவர். அது ஆம்ப்ளிபயரைக் காப்பாத்த. பேட்டரியிலிருந்து அதுவரை ஓடும் ஒயர் தகரத்தில் உரசித் தேஞ்சா அந்த ஃபியூஸுக்குத் தெரியவே தெரியாது, ஒயர் நின்னு எரியும். பாசிட்டிவ் டெர்மினலிலிருந்து ஒரு முழத்துக்குள் ஒரு ஃபியூஸ் வேணும். 100 வாட் ஆம்ப்ளிபயர் முழு சத்தத்தில் சுமார் 15 ஆம்பியர் இழுக்கும். 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர், 20 ஆம்பியர் ஃபியூஸ் போதும். ஒயர் தகரத்தைத் துளைச்சுப் போற இடத்தில் ரப்பர் வளையம். ஃபியூஸ் போச்சுன்னா சிகரெட் பாக்கெட் ஜிகினாத்தாள் சுத்தாதீங்க, தயவுசெஞ்சு.

சார்ஜ் ஏறும் பேட்டரி ஹைட்ரஜன் விடும், பக்கத்தில் பொறி பறந்தால் வெடிக்கும். ஆசிட் கண்ணில் தெறிச்சா முதல்ல ஆஸ்பத்திரிக்கு ஓடாதீங்க. அங்கேயே குழாயடியில் கண்ணைத் திறந்து வச்சு குறைஞ்சது 20 நிமிஷம் கழுவுங்க, பிறகு வாங்க. தீக்காயத்துக்கும் ஓடும் தண்ணி 20 நிமிஷம். வீங்கும் முன் மோதிரத்தைக் கழட்டுங்க. பேஸ்ட், இங்க், மாவு எதுவும் வேண்டாம்.

இதுவரை சொன்னது 12 வோல்ட் கதை. இன்வெர்ட்டரோ ஜெனரேட்டரோ வண்டியில் ஏத்தினீங்கன்னா அது வீட்டு 230 வோல்ட். ஆளைக் கொல்லும். 2022 ஜூலை 31 இரவு மேற்கு வங்காளம் கூச் பெஹாரில், ஜல்பேஷ் சிவன் கோயிலுக்குப் போன பக்தர்கள் 10 பேர் பிக்கப் வேனிலேயே இறந்தாங்க. டிஜே செட்டுக்கான ஜெனரேட்டர் ஒயரிங்கில் கசிந்த மின்சாரம் காரணமாக இருக்கலாம் என்றது போலீஸின் முதல்கட்ட விசாரணை. இரும்பு வண்டி, மழை ஈரம், வெறுங்கால், தோளோடு தோள் உரசி நிற்கும் கூட்டம். இதில் எது நம்ம ஊர் ஊர்வலத்தில் இல்லை, சொல்லுங்க? அப்படி யாராவது மாட்டிக்கிட்டா தொடாதீங்க. முதலில் ஜெனரேட்டரை அணைங்க. மூச்சு இல்லையென்றால் நெஞ்சை அழுத்த ஆரம்பிச்சுட்டு, இன்னொருத்தரை 108-க்கு அடிக்கச் சொல்லுங்க.

விழா கமிட்டிக்காரங்க ஸ்பீக்கர் வாடகையை அரை மணி நேரம் பேரம் பேசுறீங்க. "ஃபியூஸ் எங்க இருக்கு, காட்டு" என்று ஒரு தடவை கேட்டா என்ன? காட்ட முடியாத வண்டியை நான் தெருவுக்குள் விட மாட்டேன்.

அந்தத் தம்பி நேத்து போன் பண்ணினார். வேற இடத்துத் தோலை எடுத்து ஒட்டியிருக்காங்க, விரல் நிக்குது, மடக்கத்தான் வரலை. "புது ஃபியூஸ் எத்தனை ஆம்பியர் வாங்கணும் டாக்டர்?" என்றார்.

ஒயர் எவ்வளவு தடிமன்னு முதல்ல பாருங்க என்றேன்.