கசிந்த தீர்ப்பும் கலங்கும் நம்பிக்கையும்



இப்பதிவில் வழக்கமாகத் தமிழ்மொழிக் கற்பித்தல் பற்றியும் பள்ளி நடப்புகள் பற்றியும்தான் எழுதி வருகிறேன். இன்று நீதிமன்றத்தைப் பற்றி எழுத நேர்ந்திருக்கிறது. அதற்குக் காரணம் என் மாணவன் ஒருவன். நன்னெறிப் பாடத்தில் 'நீதியுடைமை' என்னும் பண்பை விளக்கிக்கொண்டிருந்தபோது அவன் எழுந்து, "ஐயா, சில வழக்கில் தீர்ப்பு சொல்வதற்கு முன்னாலேயே அது வெளியில் வந்துவிடுகிறதாமே? அப்படியென்றால் எல்லாம் முன்கூட்டியே முடிவு செய்ததுதானே?" என்று கேட்டான்.

"அப்படியில்லை" என்று சொல்லிவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தேன். ஆனால், அந்த விடை எனக்கே நிறைவளிக்கவில்லை. அவன் வீட்டில் பெரியவர்கள் பேசியதைக் கேட்டுத்தான் அப்படிக் கேட்டிருக்க வேண்டும். ஆகவே, அவனுக்குச் சொல்லத் தவறியதைப் பெரியவர்களாகிய நமக்காக இங்கே எழுதுகிறேன்.

நடந்தது என்ன?

2022ஆம் ஆண்டு நம் நாட்டில் நடந்ததை முதலில் நினைவுகூர்வோம். அவ்வாண்டு ஆகஸ்ட் 23ஆம் நாள் முன்னாள் பிரதமர் நஜிப் ரசாக்கின் இறுதி மேல்முறையீட்டைக் கூட்டரசு நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அன்றே அவர் சிறைக்குச் சென்றார். நாடே நீதிமன்றத்தை உற்று நோக்கிக்கொண்டிருந்த அந்த வாரத்தில், ஆகஸ்ட் 26ஆம் நாள், அவருடைய துணைவியார் ரோஸ்மா மன்சோர் மீதான வழக்கின் 'தீர்ப்பு' எனக் கூறப்பட்ட ஓர் ஆவணம் இணையத்தில் வெளிவந்தது. உண்மையான தீர்ப்பு நாளோ செப்டம்பர் 1. இடையில் ஆறே நாள்கள்!

அவ்வழக்கு ஆசிரியர்களாகிய நமக்கு அந்நியமானதன்று. சரவாக்கின் 369 உட்புறப் பள்ளிகளுக்குச் சூரிய ஒளி மின்சாரம் வழங்கும் 125 கோடி ரிங்கிட் திட்டம் தொடர்பான ஊழல் வழக்கு அது. நீதிமன்றத் தரப்பு காவல்துறையில் புகார் செய்தது. நீதிபதி விலகிக்கொள்ள வேண்டும் எனக் குற்றஞ்சாட்டப்பட்டவர் தரப்பு மனுச் செய்தது. செப்டம்பர் 1ஆம் நாள் நீதிபதி அம்மனுவைத் தள்ளுபடி செய்தார். வெளியான ஆவணம் நீதிமன்ற ஆய்வுப் பிரிவினர் தயாரித்தது என்றும், தீர்ப்பு தம்முடைய சொந்த முடிவே என்றும் விளக்கினார். அன்றே 10 ஆண்டுச் சிறையும் 97 கோடி ரிங்கிட் அபராதமும் விதித்தார். ரோஸ்மா மேல்முறையீடு செய்தார். அவ்வழக்கின் சரி தவறுகளுக்குள் நான் நுழையப் போவதில்லை. என் கவலை அந்த ஆறு நாள்களைப் பற்றியது.

அதே ஆண்டு மே 2ஆம் நாள் அமெரிக்காவில் இதனினும் பெரிய கசிவு நிகழ்ந்தது. கருக்கலைப்பு உரிமை தொடர்பான வழக்கில், நீதிபதி சாமுவேல் அலிட்டோ எழுதிச் சக நீதிபதிகளுக்கு மட்டும் சுற்றுக்கு விட்டிருந்த பெரும்பான்மைத் தீர்ப்பின் வரைவை 'பொலிட்டிக்கோ' செய்தி நிறுவனம் முழுமையாக வெளியிட்டது. அது பிப்ரவரியிலேயே எழுதப்பட்ட வரைவு. மறுநாளே தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ் அது மெய்யான ஆவணமே என உறுதிப்படுத்தி, விசாரணைக்கு ஆணையிட்டார். நீதிபதிகளின் வீட்டு வாசல்களில் ஆர்ப்பாட்டங்கள் நடந்தன. ஜூன் மாதத்தில் ஆயுதத்துடன் வந்த ஒருவன் நீதிபதி ஒருவரின் வீட்டருகே கைதானான். ஜூன் 24ஆம் நாள் வெளிவந்த இறுதித் தீர்ப்பு, கசிந்த வரைவை ஒட்டியே அமைந்தது.

விசாரணை என்னவாயிற்று? நீதிமன்ற ஊழியர்கள் 97 பேரை விசாரித்தார்கள். 2023 ஜனவரியில் வந்த அறிக்கை, கசியவிட்டவரைக் கண்டறிய இயலவில்லை என்றது. ஊழியர்கள் உறுதிமொழிப் பத்திரத்தில் கையொப்பமிட வேண்டியிருந்தது. நீதிபதிகளிடமோ பேசினார்களேயன்றிக் கையொப்பம் கேட்கவில்லை. எளியவருக்கு ஒரு முறை, பெரியவருக்கு வேறொரு முறை என்று மக்கள் நினைத்தால் அவர்களைக் குறைகூற முடியுமா? 2021இல் 36 விழுக்காடாக இருந்த அந்நீதிமன்றத்தின் மீதான நம்பிக்கை, 2022 ஜூனில் 25 விழுக்காடாகச் சரிந்தது என்று கேலப் நிறுவனத்தின் கருத்துக்கணிப்பு காட்டியது. கசிவு மட்டுமே அச்சரிவுக்குக் காரணம் என்று சொல்ல மாட்டேன். வழக்கின் பொருளே அந்நாட்டை இரண்டாகப் பிளந்திருந்தது. எனினும், கசிவுக்கும் அதில் பங்குண்டு என்றே கருதுகிறேன்.

நான் செய்த தவறு

நிற்க. பிறரைப் பற்றி எழுதும் நான் என்னைப் பற்றியும் சொல்லியாக வேண்டும்.

பல ஆண்டுகளுக்கு முன் மாவட்ட அளவிலான பேச்சுப் போட்டி ஒன்றில் நடுவர் மூவரில் ஒருவனாக இருந்தேன். மதிய உணவுக்கு முன் நாங்கள் போட்ட முதல் பட்டியலில் ஒரு மாணவி முதலிடத்தில் இருந்தாள். சிற்றுண்டிச்சாலையில் அவளுடைய ஆசிரியரைக் கண்டேன். பயிற்சிக் கல்லூரிக் காலத்து நண்பர். "உங்கள் பிள்ளைக்குத்தான் போலிருக்கிறது" என்று மகிழ்ச்சியோடு சொல்லிவிட்டேன். நல்லெண்ணத்தில் சொன்ன ஒரே வரிதான்.

உணவுக்குப் பின் மூவரும் மீண்டும் அமர்ந்தோம். மூத்த நடுவர் நேரக் குறிப்பேட்டை எடுத்துக் காட்டினார். அம்மாணவி குறித்த நேரத்தைத் தாண்டிப் பேசியிருந்தாள். விதிப்படி புள்ளிகளைக் குறைக்க வேண்டும். முதல் பட்டியலில் நாங்கள் அதைக் கவனிக்கவில்லை. குறைத்ததும் அவள் இரண்டாம் இடத்திற்கு வந்தாள். மூவரும் ஒருமனதாகக் கையொப்பமிட்டோம். முடிவு சரியானது. இன்றும் அதில் எனக்கு ஐயமில்லை.

பரிசளிப்பு முடிந்ததும் அவளுடைய தந்தை என்னிடம் வந்தார். "சார், சாப்பாட்டுக்கு முன்னால என் மகள் முதல். சாப்பிட்டு வந்ததும் இரண்டாவதா? நடுவுல யார் வந்து பேசினாங்க சார்?" என்று கேட்டார். யாரும் பேசவில்லை என்றேன். விதியைச் சொன்னேன். நேரக் குறிப்பேட்டையும் காட்டினேன். அவர் நம்பவில்லை. அந்தச் சிறுமி தந்தையின் பின்னால் கோப்பையைப் பிடித்தபடி நின்றாள். என் முகத்தை அவள் பார்க்கவே இல்லை. மறு ஆண்டுப் போட்டியில் அவள் பெயரைத் தேடினேன், காணவில்லை. தந்தை அனுப்ப மறுத்துவிட்டாராம்.

நாங்கள் திருத்திக்கொண்டது சரி. ஆனால், என் ஒரு வரியினால் அந்தத் திருத்தமே சூழ்ச்சியாகத் தோன்றிவிட்டது. கசிவின் கேடு எத்தகையது என்று அன்றுதான் கற்றுக்கொண்டேன்.

மனம் மாறுவதற்கு ஓர் அறை வேண்டும்

வரைவு என்பது என்ன? 'இப்போதைக்கு இப்படி நினைக்கிறேன், மறுப்பிருந்தால் சொல்லுங்கள்' என்று கேட்பதுதான் வரைவு. பல நீதிபதிகள் அமரும் வழக்கில் ஒருவர் எழுதியதை மற்றவர் படிப்பார், மறுப்பார், சொல்லைத் திருத்தச் சொல்வார், சிலவேளை பக்கமே மாறிவிடுவார். தனி நீதிபதி விசாரிக்கும் வழக்கிலும் ஆய்வு அலுவலர் எழுதித் தருவதை நீதிபதி ஏற்கலாம், கிழித்தும் எறியலாம். நம் மாணவரின் கட்டுரைக் குறிப்பை யாரும் அவருடைய கட்டுரையாகக் கொண்டு புள்ளியிடுவதில்லையே!

சிலப்பதிகாரத்துப் பாண்டியன் ஏன் தவறினான்? பொற்கொல்லன் சொன்னதைக் கேட்டதும் அவன் மனத்தில் எழுந்த முதல் எண்ணமே ஆணையாகிவிட்டது. மறுத்துச் சொல்ல அங்கே யாருமில்லை. மறுபடி எண்ணிப் பார்க்க நேரமுமில்லை. அந்த நேரத்தையும் அந்த மறுப்பையும் தருவதற்காகத்தான் நீதிமன்றத்திற்குள் ஓர் அடைத்த அறை இருக்கிறது.

அந்த அறையின் கதவை யாரோ உடைத்துவிட்டால் நீதிபதி எந்தப் பக்கமும் நகர முடியாது. வரைவின்படியே தீர்ப்பளித்தால், 'முன்பே முடிவு செய்துவிட்டார்' என்பார்கள். மாற்றி எழுதினால், 'மிரட்டலுக்குப் பணிந்துவிட்டார்' என்பார்கள். மெய்யாகவே சிந்தித்து மாற்றினாலும் அதே பழிதான். நேர்மையான நீதிபதியையும் நேர்மையற்றவரைப் போலக் காட்டிவிடும் இச்செயலை நான் வெறும் 'செய்தி' என்று ஏற்க மாட்டேன்.

2014ஆம் ஆண்டு யூபிஎஸ்ஆர் தேர்வில் அறிவியல், ஆங்கிலத் தாள்கள் கசிந்தது நம்மில் பலருக்கு நினைவிருக்கும். செப்டம்பர் 30ஆம் நாள் பிள்ளைகள் மீண்டும் தேர்வெழுதினார்கள். அழுத பிள்ளைகளையும் கொதித்த பெற்றோர்களையும் கண்டோம். ஆயினும், அங்கே புதிய வினாத்தாளைத் தயாரிக்க முடிந்தது. கசிந்துபோன ஆலோசனைக்குப் புதிய தாள் கிடையாது. அதே வழக்கு, அதே சட்டம், அதே நீதிபதி. மறுதேர்வுக்கு அங்கே வழியில்லை.

எல்லாக் கசிவும் ஒன்றா?

இங்கே ஓர் எதிர்க்கேள்வி எழும். 'கசிவு இல்லையென்றால் ஊழல் எப்படி வெளிவரும், ஐயா?' நியாயமான கேள்விதான். 2007ஆம் ஆண்டு செப்டம்பரில் ஒரு காணொளி வெளியானதை மறக்க முடியாது. வழக்கறிஞர் ஒருவர் நீதிபதிகளின் நியமனம் பற்றித் தொலைபேசியில் பேரம் பேசுவதுபோல் அமைந்த காணொளி அது. செப்டம்பர் 26ஆம் நாள் ஏறத்தாழ 2,000 வழக்கறிஞர்கள் புத்ராஜெயாவில் நீதிக்காக நடந்தார்கள். அரச விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டது. காணொளி மெய்யானதே என அது 2008இல் முடிவு கூறியது. 2009இல் நீதித்துறை நியமன ஆணையச் சட்டம் பிறந்தது. அக்காணொளி வெளிவராதிருந்தால் இவை நடந்திருக்குமா?

ஆகவே, ஒரு கோடு கிழிக்க வேண்டும். நீதிபதி கையூட்டு வாங்கினார், வெளியாள் தீர்ப்பில் தலையிட்டார், நியமனத்தில் பேரம் நடந்தது ஆகியவை தவறுகள். தவறு செய்பவருக்கு மூடிய அறையின் பாதுகாப்பு இல்லை. அதை வெளிப்படுத்துபவர் பொதுநலத் தொண்டர். ஆனால், நேர்மையான சிந்தனையைப் பாதியில் பிடுங்கி வீதியில் எறிவது வேறு. முன்னது நீதிமன்றத்தின் அழுக்கைத் துடைக்கிறது. பின்னது நீதிமன்றத்தின் வேலையையே தடுக்கிறது. கசிந்த தாளைக் காணும்போது நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: இது தவற்றைக் காட்டுகிறதா, முடியாத வேலையைக் காட்டுகிறதா?

விடை எப்போதும் எளிதாக இராது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். 2025 ஜூலையில் அதே நியமன ஆணையத்தின் கூட்டக் குறிப்புகள் எனக் கூறப்பட்டவை பரவின. காவல்துறை விசாரணை தொடங்கியது. அவ்வாணையத்தின் உறுப்பினர்கள் மனம்விட்டுப் பேச மறைவு வேண்டும். அதே வேளையில், நீதிபதியை யார் தேர்ந்தெடுக்கிறார்கள், எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதை அறிய மக்களுக்கும் உரிமையுண்டு. அம்மாதம் 14ஆம் நாள் வழக்கறிஞர்கள் மீண்டும் புத்ராஜெயாவில் நடந்தார்கள். கசிவைத் தேடிப் பிடிப்பது மட்டும் போதாது. கசிவை மக்கள் ஏன் இவ்வளவு ஆவலோடு நம்புகிறார்கள் என்பதையும் ஆள்வோர் எண்ணிப் பார்க்க வேண்டும்.

மறைவுக்கு ஈடாக

மறைவு கேட்கும் நீதிமன்றம் மக்களுக்கு ஈடாகச் சிலவற்றைத் தரக் கடமைப்பட்டிருக்கிறது.

1. தீர்ப்பின் காரணங்களை முழுமையாக எழுதி, காலந்தாழ்த்தாமல் வெளியிட வேண்டும். அறை மூடியிருக்கலாம், காரணம் மூடியிருக்கக் கூடாது.

2. கசிவு நேர்ந்தால் உடனே பேச வேண்டும். மௌனம் நீடிக்கும் ஒவ்வொரு நாளும் வதந்திக்கு உரமாகும்.

3. விசாரணை பெரியவர், சிறியவர் எனப் பாராமல் நடக்க வேண்டும். அமெரிக்கா தரும் பாடம் இதுதான்.

நமக்கும் கடமை இருக்கிறது. 'தீர்ப்பு கசிந்தது' என்னும் தலைப்போடு கைப்பேசிக்கு வரும் தாளை உடனே பிறருக்கு அனுப்பாதீர்கள். பிள்ளைகள் முன்னிலையில் 'எல்லாம் முன்பே முடிவு செய்ததுதான்' என்று சலித்துக்கொள்ளாதீர்கள். அச்சலிப்பு அவர்களுக்குள் சட்டென்று வேரூன்றிவிடும். தீர்ப்பைக் குறைகூறுங்கள், அது நம் உரிமை. ஆனால், வெளிவந்த தீர்ப்பைப் படித்துவிட்டு, அதன் காரணங்களைக் குறைகூறுங்கள். ஆசிரியர்களே, போட்டி நடுவர்களாக அமரும்போதும், புள்ளிகளை ஒப்பிட்டுத் திருத்தும்போதும், மாணவரின் ஒழுங்கு நடவடிக்கை பற்றிக் கூடிப் பேசும்போதும் அறைக்குள் பேசியதை அறைக்குள்ளேயே விட்டு வாருங்கள். முடிவையும் அதன் காரணத்தையும் மட்டும் தெளிவாக வெளியே சொல்லுங்கள். இதை உங்களுக்குச் சொல்லும் தகுதி எனக்கிருப்பது நான் தவறியவன் என்பதால்தான்.

அடுத்த நன்னெறி வகுப்பில் அந்த மாணவனை எழுப்பி, "உன் கேள்விக்கு நான் சரியாக விடை சொல்லவில்லை" என்று தொடங்கப் போகிறேன். பிறகு அந்தப் பேச்சுப் போட்டியின் கதையைச் சொல்வேன். தந்தையின் பின்னால் கோப்பையோடு நின்ற சிறுமியைப் பற்றியும் சொல்வேன். முதலில் எழுதியதை மாற்றிக்கொள்வது நேர்மையின்மையா, நேர்மையா என்பதை அவனே முடிவு செய்யட்டும்.

உங்கள் கருத்துகளையும் எழுதுங்கள். மாற்றுக்கருத்து இருப்பின் இன்னும் மகிழ்வேன்.