கர்ப்பப்பையை அறுப்பதுதான் வைத்தியமா?

பழனி மலையில், கொடைக்கானலுக்கு அப்பால் உள்ள பேத்துப்பாறையில் கூலிக்கு உழைக்கும் ஒரு பெண்ணுக்கு மாதவிலக்கில் உதிரம் நிற்காமல் போகிறது என்று வைத்துக்கொள்வோம். படுத்தால் கூலி போயிற்று. ஆகவே அவள் வேலைக்குப் போகிறாள். ரத்தம் வற்றி, மேடு ஏற மூச்சு வாங்கிய பிறகுதான் மலையிறங்குகிறாள். கீழே அவள் காதில் விழுவது என்ன? “கர்ப்பப்பையை எடுத்துவிடு!”

புற்றுநோய் என்றால் எடுக்கத்தான் வேண்டும். ஆனால் உதிரப்போக்கு எல்லாம் புற்றுநோயா? ஸ்கேன் எடுத்து, கர்ப்பப்பையின் உட்சதையைச் சோதித்து, புற்றுநோய் இல்லை என்று தெரிந்தால், கத்தியில்லாத வைத்தியங்கள் உண்டு. டிரானெக்ஸாமிக் அமில மாத்திரை உண்டு. கர்ப்பப்பைக்குள் பொருத்தினால் ஐந்து ஆண்டுக்குக் குறையாமல் வேலை செய்யும் ஹார்மோன் சாதனம் உண்டு. இனிப் பிள்ளை வேண்டாம் என்பவர்களுக்குச் சூடான நீர் நிரம்பிய பலூனால் உட்சதையைச் சுட்டு, அன்றே வீட்டுக்கு அனுப்பும் முறையும் உண்டு.

“மலைவாசிகள் அடிக்கடி வரமாட்டார்கள், ஒரே அறுவையில் முடிப்பதே நல்லது” என்று சிலர் வாதிக்கிறார்கள். பாதை சரியில்லை என்பதற்காகப் பெண்ணின் உறுப்பை அறுப்பதா? ஒருமுறை பொருத்தினால் ஐந்தாண்டு நிற்கும் சாதனம் யாருக்குப் பொருத்தம்? தூரத்தில் இருப்பவளுக்கல்லவா!

இந்த வாதம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை மராட்டியத்தின் பீட் மாவட்டம் காட்டியது. 2019-ல் அங்கே சர்க்கார் நியமித்த கமிட்டி, கரும்பு வெட்டும் 82,309 பெண்களை விசாரித்தது. 13,861 பேருக்குக் கர்ப்பப்பை இல்லை! வேலைக்கு வராத நாளுக்கு அபராதம் போட்ட மேஸ்திரியின் கணக்கும், அறுவைக்குக் காசு வாங்கிய ஆஸ்பத்திரியின் கணக்கும் அங்கே ஒன்றாயின. சினைப்பையையும் சேர்த்து அறுத்தால் இளம் வயதிலேயே மாதவிலக்கு நின்று எலும்பு தேயும். அந்த நஷ்டம் யார் கணக்கில்?

அவசியமற்ற கர்ப்பப்பை அறுவையைத் தடுக்கும் வழிகாட்டு விதிகளை மூன்று மாதத்தில் ஏற்கும்படி 2023 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட் மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. உத்தரவு காகிதத்தில் இருந்தால் உதிரம் நிற்காது. கொடைக்கானல் அரசு மருத்துவமனையிலேயே சோதனையும் மாத்திரையும் சாதனமும், பொருத்தத் தெரிந்த டாக்டரும், எல்லா நாளும் இலவசமாகக் கிடைக்க வேண்டும். சிகிச்சை நாட்களுக்குக் கூலி வேண்டும். அறுவைக்கு முன் மற்ற வழிகளை நம் பெண்களுக்குத் தமிழில் விளக்கிச் சொல்ல வேண்டும்.

இது தர்மமல்ல, உரிமை. பேத்துப்பாறைத் தாய்மார்களே, கையெழுத்துப் போடுமுன் கேளுங்கள்: “வேறு வழி என்ன?” பதில் கிடைக்கும் வரை நாம் சேர்ந்து கேட்போம்!